கேப் டவுன் மியூசியம்: திமிங்கலத்தோடு திரும்பிவிடாதீர்கள்

டிசம்பர் லீவில் டர்பனிலிருந்தும் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்தும் கேப் டவுனுக்கு வரும் நம் தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் பல, ஐசிகோ தென்னாப்பிரிக்க மியூசியத்துக்குள் கால் வைப்பதே டேபிள் மலையில் காற்று அடிப்பதால்தான். தென்கிழக்குக் காற்று கிளம்பிவிட்டால் கேபிள் கார் நின்றுவிடும். கடற்கரைக்குப் போனால் மணல் முகத்தில் அறையும். வேறு வழியில்லாமல் ஊருக்குள் இருக்கும் மியூசியத்துக்கு வண்டியைத் திருப்புவார்கள். உள்ளே போனதும் திமிங்கலம், நாலு படம், சுறா, பிறகு வெளியே. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

வாங்கிய டிக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். திமிங்கல எலும்புக்கூட்டை உலகத்தில் இன்னும் பல ஊர்களில் பார்க்கலாம். இந்த மண்ணுக்கே உரிய பொருள்கள் அளவில் சின்னவை, மங்கலான வெளிச்சத்தில் இருப்பவை, தேடிப் போய்ப் பார்க்க வேண்டியவை. எங்கே நிற்க வேண்டும், எதை உற்றுப் பார்க்க வேண்டும், எதை எதிர்பார்த்து வரக் கூடாது என்று தெரிந்துகொண்டு போனால் அரை நாள் போதாது.

முதலில் போக்குவரத்து விஷயம். மியூசியம் இருப்பது நடுவூரில் உள்ள கம்பெனி கார்டன் என்னும் பழைய தோட்டத்தின் மேல் முனையில், குயின் விக்டோரியா தெருவை ஒட்டி. வார நாளில் அந்தத் தெரு முழுக்க அலுவலகக்காரர்களின் வண்டிகள் நிற்கும். சனிக்கிழமை இடம் கிடைப்பது சுலபம். தெருவில் நிறுத்தினால் காவல் பார்க்கும் கார் கார்டுக்குத் திரும்பும்போது ஐந்தோ பத்தோ ரேண்ட் கொடுப்பது வழக்கம். சீட்டின் மேல் பை, ஜாக்கெட், சார்ஜர் வயர் எதையும் விட்டுப் போகாதீர்கள். கேப் டவுன் நடுவூரில் கண்ணாடி உடைவது இந்த மாதிரிச் சின்னப் பொருளுக்காகத்தான். மைசிட்டி பஸ்ஸில் வருவதென்றால் டிரைவர் கையில் காசு வாங்க மாட்டார், கார்டு வேண்டும். ஊரில் இறங்கிய அன்றே அதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எந்த நாள் போவது என்பதும் முக்கியம். காற்று அடிக்கும் நாளிலும் மழை நாளிலும் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வரும், கூட்டம் அள்ளும். பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் காலை வேளையில் பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். அப்போது மதியம் 1 மணிக்கு மேல் போவது நல்லது. மனித உரிமை நாள், சுதந்திர நாள், இளைஞர் நாள், பாரம்பரிய நாள் போன்ற தேசிய நினைவு நாள்களில் ஐசிகோ என்னும் அமைப்பின் கீழ் வரும் மியூசியங்களில் நுழைவு இலவசமாக இருப்பது வழக்கம், இதே கட்டடத்தில் இருக்கும் கோளரங்கம் மட்டும் அதில் சேராது. காசு மிச்சம் பிடிக்க அது நல்ல வழி. ஆனால் பாறை ஓவியங்களை நிதானமாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்த நாள்களைத் தவிர்த்துவிட்டு, டிக்கெட் வாங்கிக்கொண்டு சாதாரண வார நாளில் போவதே மேல்.

டிக்கெட் கவுண்டரில் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இன்று எந்தக் கூடங்கள் மூடியிருக்கின்றன? கோளரங்கக் காட்சி எத்தனை மணிக்கு, அதற்குத் தனி டிக்கெட் எவ்வளவு? வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு அதே டிக்கெட்டில் திரும்ப வரலாமா? 200 வருஷம் பழைய மியூசியத்தில் எப்போதும் ஏதாவது ஒரு கூடம் மராமத்தில் இருக்கும். 1825இல் அன்றைய கவர்னர் லார்ட் சார்ல்ஸ் சாமர்செட் தொடங்கியது இது. சஹாராவுக்குத் தெற்கே இதைவிடப் பழைய மியூசியம் கிடையாது. இப்போதுள்ள கட்டடம் 1897இல் திறந்தது.

பிள்ளைகள் கூட இருந்தால் திமிங்கலத்தை முதலில் முடித்துவிடுங்கள். இல்லையென்றால் மற்ற எங்கும் நிற்க விட மாட்டார்கள். பல மாடி உயரத்துக்குக் கிணறு மாதிரித் திறந்திருக்கும் கூடத்தில் எலும்புக்கூடுகள் தொங்குகின்றன. திமிங்கலங்களின் குரல் பதிவு ஓடிக்கொண்டிருக்கும். நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூடு 20.5 மீட்டர். அண்டார்டிக் கடலில் இந்த இனம் 30 மீட்டர் வரை போகும் என்பதால், கண்ணால் பார்ப்பதோடு இன்னும் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கீழிருந்து அண்ணாந்து படம் எடுத்தால் விலா எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து எது என்னவென்று புரியாது. மேல் மாடிக்கு ஏறி, எலும்புக்கூடு கண் மட்டத்துக்கு வரும் இடத்தில் நில்லுங்கள்.

அங்கே நின்று பார்க்க வேண்டியவை மூன்று. முதலில் துடுப்பு. வெளியே தோலோடு இருக்கும்போது அது ஒரு பலகை. எலும்பாகப் பார்த்தால் குட்டையான ஒரு மேல்கை எலும்பு, அதற்குக் கீழே முன்கை எலும்பு இரண்டு, மணிக்கட்டு, பிறகு விரல் வரிசைகள் என்று நம் கையின் ஒழுங்கு அப்படியே இருக்கும். நீலத் திமிங்கலம் சேர்ந்த குடும்பத்துக்கு விரல் நான்குதான், ஆனால் ஒவ்வொரு விரலிலும் நம்மைவிட அதிகக் கணு. இரண்டாவது, வால் பக்கம் வயிற்றுக்குக் கீழே முதுகெலும்போடு ஒட்டாத சின்ன எலும்பு ஜோடி இருக்கிறதா என்று தேடுங்கள். கால் இருந்த காலத்து இடுப்பெலும்பின் மிச்சம் அது. மூன்றாவது, கீழ்த்தாடை. இரண்டு வில் மாதிரியான எலும்புகள், முன்னால் ஒன்றோடொன்று உருகிச் சேராமல் இருக்கும். அந்த இடைவெளிதான் வாயை அவ்வளவு அகலமாகத் திறக்க விடுகிறது. இந்த எலும்புகளில் கரும்பழுப்புக் கறை தெரிந்தால் அழுக்கு என்று நினைக்க வேண்டாம். திமிங்கல எலும்புக்குள் எண்ணெய் ஊறிக் கிடக்கும். சுத்தம் செய்து மாட்டிய பிறகும் பல பத்தாண்டு கசியும்.

சுறாக் கூடத்துக்கு வழிகாட்டி தேவையில்லை. பிள்ளைகள் தாமாகவே நின்றுவிடுவார்கள். பதம் செய்த பறவைகள், மான்கள் இருக்கும் வரிசைகளை வேகமாகக் கடக்கலாம்.

வேகத்தைக் குறைக்க வேண்டிய முதல் இடம் காரூ புதைபடிவக் கூடம். காரூ என்பது இந்நாட்டின் உள்பகுதியில் இருக்கும் வறண்ட நிலம். இங்கே நுழைகிற ஒவ்வொரு குடும்பத்திலும் யாராவது ஒருவர் "டைனோசர்!" என்பார். இல்லை. இவை டைனோசருக்கு முந்தியவை, இவற்றில் பெரும்பாலானவை டைனோசர் வம்சமே அல்ல. சுமார் 25 கோடி வருஷம் முன்பு அது பெரிய ஆறுகள் வளைந்து ஓடிய வெள்ளச் சமவெளி. செத்த விலங்கின் மேல் வண்டல் படிந்து படிந்து பாறையானது. அந்தப் பாறைகளில் கிடைத்தவற்றில் முக்கியமானவை தெராப்சிட் என்னும் கூட்டம். பாலூட்டிகள் கிளைத்து வந்த வம்சம் அது. மாடு, மான், மனிதர் எல்லோருக்கும் முன்னோர் பக்கத்துச் சொந்தம்.

இதை எழுத்துப் பலகையைப் படிக்காமலேயே கண்டுபிடிக்கலாம். மண்டையோட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். கண்குழிக்குப் பின்னால் ஒரே ஓட்டை இருந்தால் நம் பக்கத்து வம்சம். இரண்டு ஓட்டை இருந்தால் பல்லி, முதலை, டைனோசர், பறவைப் பக்கம். அடுத்து பல். முதலையின் வாயில் பல் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த கூம்புதான். கொர்கொனாப்சிட் என்ற வேட்டை விலங்கின் வாயில் முன்னால் வெட்டுப் பல், பிறகு கத்தி மாதிரி நீண்ட கோரைப் பல், பின்னால் சிறு பல் என்று பிரிந்து நிற்கும். பிள்ளைகளைத் தங்கள் பல்லை நாக்கால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், உடனே புரிந்துவிடும். டைசினோடான்ட் வேறு வழியில் போனது: பெரும்பாலான பல்லை இழந்து ஆமை மாதிரி அலகு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொம்புப் பல். செடி தின்னி. அதில் லிஸ்ட்ரோசாரஸ் என்ற பெயரைப் பார்த்தால் சற்று நில்லுங்கள். 25 கோடி 20 லட்சம் வருஷம் முன்பு பூமியில் பெரும்பாலான உயிர் அழிந்த பேரழிவைத் தாண்டி வந்த விலங்குகளில் அது ஒன்று.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து என்1 நெடுஞ்சாலையில் காரில் வருகிறவர்கள் இந்த நிலத்தின் மேலேயே மணிக்கணக்கில் ஓட்டி வந்திருப்பார்கள். பியூஃபோர்ட் வெஸ்ட்டில் பெட்ரோல் போட நிற்கிறோமே, இந்தப் புதைபடிவங்கள் கிடைக்கும் பாறை அடுக்குக்குப் பெயரே பியூஃபோர்ட் தொகுதிதான். சாலையோரம் மட்டையாக அடுக்கி வைத்தது மாதிரித் தெரியும் குன்றுகளை "ஒன்றுமில்லாத வெறுங்காடு" என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள், திரும்பிப் போகும்போது வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

டைனோசர்களும் இருக்கத்தான் செய்கின்றன. பெரிய வார்ப்பு உருவங்களைவிட, 1962இல் பெயர் சூட்டப்பட்ட ஹெட்டரோடோன்டோசாரஸ் மேல் கவனம் வையுங்கள். அந்தப் பெயரைப் பெற்ற மூல மாதிரி இந்த மியூசியத்தின் சொத்து. ஆள் உயரம்கூட இல்லாத சின்ன உடம்பு. டைனோசராக இருந்தும் வாயில் மூன்று வகைப் பல் உள்ளது. முந்தின கூடத்தில் சொன்ன பல் கணக்குக்கு ஒரு விதிவிலக்கு.

இனி குவாகா, அழிந்துபோன ஒரு வரிக்குதிரை வகை. இந்த மியூசியத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். எங்கே இருக்கிறது என்று காவலரிடம் கேட்டுக்கொண்டே போங்கள். பெயர்ப் பலகையை நம்பினால் கடந்து போய்விடுவீர்கள், ஏனென்றால் அது ஒரு குட்டி. பார்வைக்குக் கழுதைக் குட்டி மாதிரி. தலையிலும் கழுத்திலும் வரிக்குதிரையின் கோடுகள் இருக்கும்; தோளைத் தாண்டிப் பின்னால் போகப் போகக் கோடு மங்கிப் பழுப்பில் கரைந்துவிடும்; கால்கள் வெளிறிக் கோடில்லாமல் இருக்கும். காரூவிலும் ஃப்ரீ ஸ்டேட்டின் தெற்கிலும் கூட்டம் கூட்டமாகத் திரிந்த இந்த விலங்கைக் குடியேறிகள் இறைச்சிக்கும் தோலுக்கும், ஆட்டுக்கான புல்லைத் தின்கிறது என்பதற்கும் சுட்டுத் தீர்த்தார்கள். கடைசிக் குவாகா ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சி சாலையில் 1883 ஆகஸ்ட் 12 அன்று செத்தது. உலகம் முழுக்கத் தேடினால் பதம் செய்த குவாகா 23தான் மிஞ்சியிருக்கிறது, பெரும்பாலும் ஐரோப்பாவில். அது வாழ்ந்த நாட்டில் இருப்பது இந்த ஒரு குட்டி மட்டும்.

இந்தக் குட்டியின் முக்கியத்துவம் அதோடு நிற்கவில்லை. இங்கே பதம் செய்யும் வேலை பார்த்த ராய்ன்ஹோல்ட் ராவ், 1969இல் இதைப் பிரித்துத் திரும்பவும் மாட்ட எடுத்தார். பழைய காலத்தில் அரைகுறையாகப் பதம் செய்திருந்ததால் தோலின் உள்பக்கம் தசைத் துணுக்கும் இரத்தக் குழாயும் காய்ந்து ஒட்டியிருந்தன. யாரோ அன்று சரியாகச் செய்யாமல் விட்ட வேலை, பிற்காலத்தில் பொக்கிஷமானது. பழைய குவாகாத் தோல்களில் இப்படித் திசு மிஞ்சியிருக்கிறது என்று ராவ் காட்டிக் கொடுத்த வழியில், 1984இல் விஞ்ஞானிகள் குவாகாவின் டிஎன்ஏவைப் பிரித்துப் படித்து வெளியிட்டார்கள். அழிந்துபோன ஒரு விலங்கின் டிஎன்ஏவை மனிதர் படித்தது அதுவே முதல் தடவை. குவாகா என்பது தனி இனம் அல்ல, சமவெளி வரிக்குதிரையின் ஒரு கிளை என்பது அதன் வழியாகத் தெளிவானது.

அதை வைத்து ராவும் மற்றவர்களும் 1987இல் குவாகாத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பின்பக்கம் கோடு குறைந்த வரிக்குதிரைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகக் கோட்டைக் குறைத்துக்கொண்டு வருவது வேலை. இப்போது பிறக்கும் சில விலங்குகள் பார்வைக்குக் குவாகா மாதிரியே இருக்கின்றன. அவற்றை ராவ் குவாகா என்பார்கள். பிள்ளைகளிடம் "குவாகாவை உயிரோடு கொண்டு வந்துவிட்டார்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வந்திருப்பது தோலின் நிறம். பழைய குவாகாவின் உடம்புக்குள் வேறு என்னென்ன வித்தியாசம் இருந்ததோ, அது போனது போனதுதான். கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது. அழிந்த பிறகு என்ன செய்தாலும் முழுசாகத் திரும்பாது என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிய வைக்க இதைவிட நல்ல இடம் இந்த நாட்டில் இல்லை.

இந்த இடத்தில் வெளியே போய்ச் சாப்பிட்டு வரலாம். கம்பெனி கார்டனுக்குள் ஓர் உணவகம் இருக்கிறது; புல்தரையில் உட்கார்ந்து கொண்டு வந்ததையும் சாப்பிடலாம். செப்டம்பர் கடைசி வார லீவு புரட்டாசியில் விழும். விரதக்காரர்கள் ரொட்டியோ புளிச்சாதமோ கட்டிக்கொண்டு வருவதே கவலையில்லாத வழி. அணில்கள் கையிலிருந்தே பிடுங்கும் அளவுக்குப் பழகியவை, சின்னப் பிள்ளைகள் விரலைக் கடித்துவிடும். சாப்பிடும் நேரத்தில் போனைப் புல்லின் மேல் வைக்காதீர்கள்.

திரும்பி வந்ததும் நேராகப் பாறை ஓவியக் கூடம். இந்த மண்ணின் ஆதி வேட்டைக்குடிகளான சான் மக்கள் வரைந்த பாறைகள் இங்கே அசலாகவே இருக்கின்றன. லின்டன் பாறை அவற்றில் தலையாயது. கிழக்கு கேப்பில் மக்லியர் பக்கத்தில் ஒரு பண்ணையிலிருந்து 1917இல் வெட்டி எடுத்து வந்தது. உள்ளே வந்த வேகத்தில் பார்த்தால் ஒரு பழுப்புக் கல், அதில் சில சிவப்புக் கறை என்றுதான் தோன்றும். கூடத்தின் வெளிச்சத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறார்கள். வெயிலிலிருந்து வந்த கண் பழகச் சில நிமிஷம் ஆகும். அதுவரை பேசாமல் நில்லுங்கள். பிறகு ஓர் ஓரத்திலிருந்து தொடங்கி அங்குலம் அங்குலமாகக் கண்ணை நகர்த்துங்கள். முதலில் ஈலாண்டு மான் தெரியும். சான் ஓவியங்களில் அதற்கு இருக்கும் இடம் வேறு எந்த விலங்குக்கும் இல்லை. பிறகு மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று, அதன் ஓரத்தில் ஊசி முனையால் வைத்தது போல வெள்ளைப் புள்ளி வரிசை, உருவத்திலிருந்து உருவத்துக்குப் போவது தெரியும். இந்த உருவங்கள் வேட்டைக் காட்சி இல்லை. ஆடிப்பாடி மயக்க நிலைக்குப் போகும் மருத்துவர்கள் ஆவி உலகத்தில் கண்டதும், அங்கிருந்து கொண்டு வந்த சக்தியும் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். நம் கோயில் திருவிழாவில் மேளம் ஏற ஏற அருள் வந்து ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

இப்போது பையிலிருந்து ஒரு காசை எடுங்கள். தென்னாப்பிரிக்காவின் இன்றைய தேசியச் சின்னம் 2000ஆம் வருஷம் ஏப்ரல் 27 அன்று வந்தது. அதன் நடுக் கேடயத்தில் எதிரெதிரே நின்று வணக்கம் சொல்லும் இரண்டு உருவங்கள் இந்தப் பாறையிலிருந்துதான் எடுக்கப்பட்டவை. பாறையில் இருப்பது ஒருவர். சின்னத்தில் அவரையே கண்ணாடிப் பிம்பம் மாதிரி இரண்டாக்கினார்கள். அடியில் இருக்கும் வாசகம் ‌|காம் என்ற சான் மொழியில் உள்ளது. அந்த மொழியைப் பேசுகிறவர் இன்று யாரும் இல்லை. காசில் இருக்கும் உருவத்தைப் பாறையில் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால் கால் மணி நேரம் அசைய மாட்டார்கள். ஃபிளாஷ் போடாதீர்கள்.

இந்த மியூசியத்தைப் பற்றிப் பேசும்போது தவிர்க்கக் கூடாத ஒரு விஷயம் இருக்கிறது. 1907 முதல் 1920களின் நடுப்பகுதி வரை, இங்கே வேலை பார்த்த ஜேம்ஸ் ட்ரூரி, உயிரோடிருந்த சான், கோய் மக்களின் உடம்பின் மேல் அச்சு எடுத்து முழு உருவ வார்ப்புகள் செய்தார். பிற்காலத்தில் அவற்றை ஒரு காட்டுக் காட்சியாக அமைத்து வைத்தார்கள். பல பத்தாண்டு காலம் மிகப் பிரபலமான காட்சிப் பொருள் அதுதான். மான், சிங்கத்துக்கு அடுத்தபடியாகக் கண்ணாடிக்குள் மனிதர்கள். அதே வேளையில் 1960களில் வெள்ளையரின் வீட்டுச் சாமான், வெள்ளிப் பாத்திரம், எகிப்து, கிரேக்கப் பொருள்கள் எல்லாம் "கலாச்சாரம்" என்று பிரிக்கப்பட்டு, ஆடர்லி தெரு முனையில் இருக்கும் இன்னொரு கட்டடத்துக்குப் போயின. கறுப்பின மக்களின் பொருள்கள் விலங்குகளோடு இங்கேயே தங்கின. நிறவெறி ஆட்சியின் கணக்கு மியூசியத்தின் சுவருக்குள்ளும் அப்படியே நடந்தது. அந்தச் சான் காட்சியை 2001இல் மூடிவிட்டார்கள். மூடியது சரி. அந்தக் காட்சியைச் சின்ன வயதில் பார்த்த பெரியவர்கள் வந்து "அந்த உருவங்கள் எங்கே?" என்று கேட்பதுண்டு. கூட வரும் பேரப் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை என்பதைச் சொல்வது அந்தப் பெரியவர்களின் வேலை.

இதனால் கலாச்சாரப் பொருள்களை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இங்கே கிடைப்பது கொஞ்சம்தான். எது எங்கே இருக்கிறது என்பதில் வேறு குழப்பங்களும் உண்டு. எப்போதோ அழிந்துவிட்டது என்று நினைத்திருந்த சீலகாந்த் மீனில் 1938இல் பிடிபட்ட முதல் மீன் ஈஸ்ட் லண்டன் மியூசியத்தில் இருக்கிறது, இங்கே இல்லை. மிசஸ் ப்ளெஸ் என்று பெயர் பெற்ற ஆதி மனித மூதாதையின் மண்டையோடு பிரிட்டோரியாவில். எகிப்து மம்மியும், அழிந்துபோன டோடோ பறவையின் எலும்புக்கூடும் பார்க்க வேண்டுமென்றால் டர்பன்காரர்கள் 1,600 கிலோமீட்டர் தாண்டி வரவே வேண்டாம். டர்பன் சிட்டி ஹாலுக்குள் இருக்கும் இயற்கை அறிவியல் மியூசியத்தின் சேகரிப்பில் இரண்டும் உண்டு.

கோளரங்கம் இதே கட்டடத்தில்தான். 2017இல் முழு டிஜிட்டலாக மாற்றினார்கள். காட்சிக்குக் கால் மணி முன்பே வரிசையில் நில்லுங்கள், இருட்டாக்கிய பிறகு உள்ளே விடுவது கஷ்டம். நடுவுக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்தால் கழுத்து வலிக்காது. கூரை முழுக்கப் படம் சுழலும்போது சிலருக்குத் தலை சுற்றும், காரில் வாந்தி வரும் பிள்ளைகளுக்கு நிச்சயம் வரும். அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலிக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், உடனே அடங்கும். நான்கு வயதுக்குக் கீழே இருந்தால் இருட்டே பயம், காசு வீண். கேளிக்கைப் படத்தைவிட, இன்றிரவு வானத்தில் என்ன தெரியும் என்று காட்டும் காட்சி இருந்தால் அதையே எடுங்கள். தமிழ்நாட்டில் தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே சில மாதம் மட்டும் தெரியும் தெற்குச் சிலுவை, கேப் டவுனில் வருஷம் முழுக்க அஸ்தமிப்பதே இல்லை. தலைகீழாக, நம் கார்த்திகைக் கூட்டம் இங்கே வடக்குப் பக்கம் தாழ்ந்து நிற்கும். ஜூன் மாத விடியலில் அது திரும்பத் தெரிவதை வைத்துத்தான் கோசா மக்கள் உழவுக் காலத்தைத் தொடங்கினார்கள், அந்தக் கூட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் இசிலிமேலா.

மியூசியத்திலிருந்து வெளியே வந்ததும் வண்டியை எடுத்துவிடாதீர்கள். கம்பெனி கார்டன் வழியாக கவர்மென்ட் அவென்யூவில் கீழே இறங்கினால் பத்துப் பதினைந்து நிமிஷ நடைதான் ஸ்லேவ் லாட்ஜ். 1960களில் பிரித்துக் கொண்டுபோன "கலாச்சாரம்" போய்ச் சேர்ந்த கட்டடம் அதுவே; இப்போது அடிமை வரலாற்று மியூசியம். அதுவும் ஐசிகோவுக்குள் வருவதுதான், டிக்கெட் தனி.

நம்மவர்கள் அதைப் பார்க்க வேண்டிய காரணம் நேரடியானது. தென்னாப்பிரிக்கத் தமிழர் கதை 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்குகிறது என்றுதான் பள்ளியிலும் கோயிலிலும் சொல்லிக்கொடுக்கிறோம். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் கதை அது. அதற்கு 200 வருஷம் முன்பே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் வியாபாரம் செய்துவிட்டு கேப் வழியாகத்தான் போய் வந்தன. 1652இல் போட்ட கம்பெனி கார்டன், அந்தக் கப்பல்களுக்குக் காய்கறி விளைவிக்கப் போட்ட தோட்டம். கம்பெனி வாங்கிக் கொண்டு வந்த அடிமைகள் 1679இல் கட்டிய லாட்ஜில் அடைக்கப்பட்டார்கள், தோட்டத்தில் வேலை செய்தவர்களும் அவர்கள்தான். மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், சிலோன், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை என்று பல இடத்து மக்கள். பதிவேட்டில் அவர்களுடைய சொந்தப் பெயர் போய், "வான் கோரமண்டல்", "வான் மலபார்", "வான் பெங்கால்" என்று பிடித்து வந்த இடத்தின் பெயரே அடையாளமாகிவிட்டது. உள்ளே அடிமைகளின் பெயர்களைப் பொறித்த ஒளித்தூண் இருக்கிறது. அதைச் சுற்றி நிதானமாகப் படியுங்கள். காலண்டர் மாதப் பெயர்களும், பைபிள் பெயர்களும், எஜமானர்கள் விளையாட்டாக வைத்த கிரேக்கப் பெயர்களும் கலந்து வரும்.

நடையைக் காலையில் தலைகீழாகவும் செய்யலாம்: லாட்ஜில் தொடங்கி, தோட்டத்தின் வழியே மேலேறி, மியூசியத்தில் முடிப்பது. பெரியவர்கள் கூட இருந்தால் அது சரிப்படாது. மேடு ஏறும் வழி, வெயிலும் சேரும். அவர்களுக்கு மேலிருந்து கீழே இறங்கும் வரிசையே நல்லது, ஒருவர் மட்டும் திரும்பப் போய் வண்டியை எடுத்து வரலாம். ஸ்லேவ் லாட்ஜ் ஞாயிற்றுக்கிழமை மூடியிருப்பது வழக்கம். அதனால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்கள் சனிக்கிழமை காலை மியூசியம் திறக்கும் நேரத்துக்கே போய் நின்றுவிடுங்கள். மதியம் 1 மணிக்குள் குவாகாவையும் பாறையையும் முடித்தால், கோளரங்கத்தை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, லாட்ஜுக்கு இரண்டு மணி நேரம் மிஞ்சும்.